அந்தக் கதவை ஏன் உடைத்தீர்கள்?

தயாரிப்பாளருக்கும் இயக்குநருக்கும் படக்குழுவினர் அனைவருக்கும்,

உங்கள் காட்டேரிப் படத்தின் இரண்டாம் பாகச் சுவரொட்டியில் "உறைந்துபோய் உட்கார்ந்திருந்தேன்" என்று ஒரு வரி இருக்கிறது. அது நான் எழுதியது. படம் வெளியாகும் முன் எங்களுக்குக் காட்டிய முன்னோட்டக் காட்சி முடிந்ததும் நீங்கள் கொடுத்த கருத்துத் தாளில் முழுதாக நான் எழுதியது இப்படி: "முதல் இருபது நிமிடம் உறைந்துபோய் உட்கார்ந்திருந்தேன். கதவு உடைந்த பிறகு ஒரு நொடிகூடப் பயம் வரவில்லை." அதில் இரண்டு சொற்களை மட்டும் கிள்ளி எடுத்துக்கொண்டு மீதியை விட்டுவிட்டீர்கள். பெயர் போடவில்லையே, இவளுக்கு என்ன நட்டம் என்று நினைத்திருக்கலாம். அந்த வரியைப் படித்துவிட்டு டிக்கெட் எடுத்தவர்கள் இருப்பார்கள். அவர்களிடம் என் வாயால் நீங்கள் பொய் சொல்லியிருக்கிறீர்கள்.

அதையும்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். படம் வெளியாகிச் சில வாரங்கள் கழித்து நீங்கள் விட்ட அறிக்கைதான் என்னை எழுத உட்கார வைத்தது. சிறு முதலீட்டுப் படத்தைப் பெரிய படங்களோடு ஒப்பிட்டுக் குறை சொல்கிறார்கள் என்றீர்கள். குறை சொல்பவர்களுக்குப் படம் எடுப்பதன் கஷ்டம் தெரியாது என்றீர்கள். மூன்றாம் பாகத்துக்குப் பார்வையாளர் முன்னோட்டமும் கிடையாது, கருத்துத் தாளும் கிடையாது என்று முடித்தீர்கள். அன்று அந்த அரங்கில் நான் இருந்தேன். படம் முடிந்து வாசலில் அரைமணி நேரம் நின்று பேசிக்கொண்டிருந்தவர்களில் நானும் ஒருத்தி. யாரும் பணத்தைப் பற்றிப் பேசவில்லை. எதைப் பற்றிப் பேசினார்கள் என்பதை, தாள்கள் உங்கள் மேசைக்கே வரவில்லை என்று வைத்துக்கொண்டு, இங்கே எழுதுகிறேன்.

முதல் பாகத்தை மூன்று முறை பார்த்தவள் நான். ஒரே கட்டடம், மூடிப்போன ஒரு காசநோய் மருத்துவமனை. மொத்தம் ஆறு நடிகர்கள். இரவுப்பணிச் செவிலி ஒருத்தி, அவளுடைய நோயாளித் தம்பி, திறக்கக் கூடாத ஒரு வார்டு. காட்டேரியின் முகம் எல்லாம் சேர்த்து ஒரு நிமிடம்கூடத் திரையில் இருக்காது. கை கழுவும் தொட்டிக்கு மேலே ஒரு கண்ணாடி. அதில் அவள் மட்டும் தெரிவாள், அவள் தோளுக்குப் பின்னால் நிற்பவன் தெரியமாட்டான். எனக்குப் பின்வரிசையில் யாரோ மூச்சை இழுத்துப் பிடித்த சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

பிறகு அந்தக் கதவு. தம்பி இறந்து ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். அவள் அறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொள்கிறாள். வெளியே மெல்லத் தட்டும் சத்தம். தம்பியின் குரல்: "அக்கா, உள்ள வரலாமா?" அழைத்தால்தான் காட்டேரியால் நுழைய முடியும் என்று அவளுக்குத் தெரியும், நமக்கும் தெரியும். குரல் கெஞ்சுகிறது, குளிருது என்கிறது, சின்ன வயதில் அவள் பாடிய பாட்டை முனகுகிறது. எங்கே "வா" என்று சொல்லிவிடுவோமோ என்று பயந்து அவள் தன் வாயைத் தன் கையாலேயே பொத்திக்கொள்கிறாள். விடியும்வரை அப்படியே உட்கார்ந்திருக்கிறாள். பதினொரு நிமிடக் காட்சி. ஒரு கதவு, ஒரு நடிகை, ஒரு குரல்.

எனக்கும் ஒரு தம்பி இருக்கிறான். அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு வந்த இரவு அவன் என் அறைக் கதவைத் தட்டி "அக்கா" என்றான். பதில் சொல்ல எனக்கு இரண்டு மூன்று நொடி பிடித்தது. தொண்டை அடைத்துக்கொண்டது. பயத்தால் மட்டுமல்ல, அந்தச் செவிலி எதை இழந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள் என்று அந்த நொடியில்தான் எனக்கு உறைத்தது. ஒரு பேய்ப்படம் இதைச் செய்யும் என்று அதற்குமுன் நான் நினைத்ததில்லை.

இரண்டாம் பாகத்தின் இருபதாவது நிமிடத்தில் அதே காட்டேரி அதே போன்ற ஒரு கதவின் முன் வந்து நிற்கிறான். அரங்கே நிமிர்ந்து உட்கார்ந்தது. கேட்கப்போகிறான் என்று காத்திருந்தோம். அவன் கேட்கவில்லை. கதவை உடைத்துக்கொண்டு உள்ளே வந்துவிட்டான். கணினியில் செய்த மரச்சில்லுகள் நம்மை நோக்கிப் பறந்தன. எனக்குப் பக்கத்தில் இருந்த பெண்மணி அதுவரை கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டிருந்தார். சில்லுகள் பறந்த அந்த நேரத்தில் பையை மடியில் இறக்கி வைத்துவிட்டுச் சாய்ந்து உட்கார்ந்தார். அவர் தாளில் என்ன எழுதினாரோ தெரியாது. அந்தப் பை இறங்கியதே எனக்கு விமர்சனமாகப் பட்டது.

ஏன் என்று நினைக்கிறீர்கள்? கதவை உடைக்கத் தெரிந்தவன் முதல் பாகத்தில் ஏன் இரவு முழுக்க வெளியே நின்றான்? இந்தக் கேள்வி ஒருமுறை எழுந்துவிட்டால் இரண்டாம் பாகத்தோடு நிற்பதில்லை; பின்னால் போய் முதல் பாகத்தையும் தின்றுவிடுகிறது. வாயைப் பொத்திக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்ததற்கு இப்போது பொருள் இல்லாமல் போய்விட்டது. வாசலில் ஓர் இளைஞர் இதை என்னைவிட நன்றாகச் சொன்னார்: "அந்த அக்கா சும்மாதான் அழுதுச்சுன்னு ஆக்கிட்டாங்க." உங்கள் படத்தை நேசித்த ஒருவரின் ஆற்றாமை அது. இதைத்தான் உங்கள் அறிக்கை பெரிய படங்களோடு ஒப்பிடுவது என்று சொல்கிறது.

விதிகளை மாற்றவே கூடாது என்று நான் சொல்லவில்லை. அழைப்பில்லாமல் காட்டேரி நுழைய முடியாது என்பது பிராம் ஸ்டோக்கரின் 1897ஆம் ஆண்டு நாவலான 'டிராகுலா'விலேயே இருக்கிறது. அந்த வீட்டார் ஒருவர் முதன்முறை அழைத்தால்தான் வர முடியும். ஆனால் அதே நாவலில் டிராகுலா பகலில் நடமாடுவான், அவன் ஆற்றல்தான் குறைந்திருக்கும். வெயில் பட்டால் காட்டேரி அழிந்துபோவான் என்பதைத் திரையில் கொண்டுவந்தது 1922இல் வந்த 'நோஸ்ஃபெராட்டு'. ஸ்டோக்கரின் கதையை அவர் குடும்பத்திடம் அனுமதி வாங்காமல் எடுத்த படம் அது. வழக்கு நடந்து, பிரதிகளை அழிக்கச் சொல்லித் தீர்ப்பு வந்தது, தப்பிய பிரதிகளால்தான் இன்று நாம் பார்க்கிறோம். அந்தப் படம் ஒரு விதியை மாற்றியது, மாற்றிய விதியின்மேல் முடிவையே கட்டியது: கோழி கூவும்வரை அவனைத் தன்னருகே நிறுத்திவைக்க ஒரு பெண் தன் உயிரைக் கொடுக்கிறாள். நீங்கள் விதியை மாற்றியதற்கு உங்கள் படத்தில் யாரும் எதையும் கொடுக்கவில்லை. மாற்றியதை யாரும் கவனித்ததாகக்கூடத் தெரியவில்லை. கதவு உடைந்தால் முன்னோட்டத் துணுக்கில் நன்றாக இருக்கும் என்று யாரோ சொல்லியிருக்க வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு காரணம் தோன்றவில்லை.

அடுத்தது இரவு. உங்கள் நள்ளிரவுக் காட்சிகளில் பாதி பகலில் எடுத்து நீலமாக இருட்டாக்கியவை. இரவில் எடுத்தால் விளக்குச் செலவு, வேலை மெதுவாக நகரும், எல்லோருக்கும் மறுநாள் ஓய்வு தர வேண்டும். இது எனக்குப் புரிகிறது. இந்த வழி புதிதும் அல்ல. 1922 படத்திலேயே இரவுக் காட்சிகளைப் பகலில்தான் எடுத்தார்கள். படச்சுருளுக்கு நீலச் சாயம் ஏற்றி, இது இரவு என்று பார்ப்பவர்களுக்குச் சொன்னார்கள். பிற்காலத்தில் சாயம் இல்லாத பிரதிகள் சுற்றியபோது, காட்டேரி பட்டப்பகலில் சவப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு போவதுபோல் தெரிந்தது. பகலை இரவாக்கும் வேலை அவ்வளவு நுணுக்கமானது. உங்கள் மைதானக் காட்சியில் தரையில் விழும் நிழல்கள் கத்தியால் வெட்டியதுபோல் கூர்மையாக இருக்கின்றன, வானமும் காட்சிக்குள் இருக்கிறது. முன்வரிசையில் ஒரு பையன் அப்பாவிடம் உரக்கவே கேட்டான்: "வெயில்ல நிக்கிறாரே, எரியலையாப்பா?" வேறெந்தக் கதையிலும் இது சின்னத் தவறு. வெயில் பட்டால் சாம்பலாகும் ஒருவனைப் பற்றிய கதையில் இது சின்னத் தவறல்ல. மேகமூட்டமான நாளில் எடுத்திருக்கலாம், வானத்தைச் சட்டகத்திலிருந்து விலக்கியிருக்கலாம். இல்லையென்றால் அந்தக் காட்சியையே தாழ்வாரத்துக்குள் கொண்டுபோயிருக்கலாம். முதல் பாகத்தில் அதைத்தானே செய்தீர்கள்?

சாம்பல் என்றதும் நினைவுக்கு வருகிறது. முதல் பாகத்தின் விடியலில் அவன் சாம்பலானான். ஜன்னல் விளிம்பில் அந்தச் சாம்பல் காற்றில் அசைவதோடுதான் படம் முடிந்தது. இரண்டாம் பாகத்தில் அவன் எப்படி வந்தான்? ஒரு வரி விளக்கம்கூட இல்லை. ஹேமர் என்ற பிரிட்டிஷ் பட நிறுவனத்தின் 1958ஆம் ஆண்டு டிராகுலாப் படத்திலும் அவன் வெயிலில் சாம்பலானான். 1966இல் வந்த அடுத்த படம் அந்த முடிவையே மறுபடி காட்டித் தொடங்கியது. பிறகு அந்தச் சாம்பலின்மேல் ஒரு மனிதனின் ரத்தத்தை ஊற்றி அவனை எழுப்பியது. எழுப்பும்வரை, அந்த முன்கதையைத் தவிர, டிராகுலாவாக நடித்த கிறிஸ்டோபர் லீ திரைக்கே வரமாட்டார். வந்த பிறகும் அவருக்கு ஒரு வசனம்கூடக் கிடையாது. அந்தப் படத்துக்குப் போட்ட அரங்குகளையே உடனடியாக இன்னொரு படத்துக்கும் பயன்படுத்திக்கொண்டார்கள். எண்ணி எண்ணிச் செலவழித்தவர்கள்தான் அவர்களும். ஆனாலும் செத்தவன் எப்படி வந்தான் என்பதற்குப் பதில் சொல்லாமல் விடவில்லை.

அந்தச் செவிலியை நீங்கள் அனுப்பிய விதத்தை என்னால் இன்னும் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. "அவங்க போன வருஷமே விபத்துல போயிட்டாங்க." ஒரே வசனம், அதுவும் போனில், வேறு யாரோ யாருக்கோ சொல்வது. எனக்கு இரண்டு இருக்கை தள்ளி ஒருவர் "யாரு, அந்த நர்ஸா?" என்று கேட்டார், அவருக்குப் பதில் சொல்வதற்குள் காட்சி மாறிவிட்டது. நடிகை கிடைக்கவில்லை என்றால் அது உங்கள் கையில் இல்லாத விஷயம், அதற்காக யாரும் உங்களைக் குற்றம் சொல்லமாட்டார்கள். 1936இல் 'டிராகுலாவின் மகள்' எடுத்தபோது, 1931 படத்தில் டிராகுலாவாக நடித்த பெலா லுகோசி நடிக்கவில்லை. மெழுகுச் சிலை ஒன்றைக் கிடத்தினார்கள். படமோ முந்தைய படம் முடிந்த இடத்திலேயே தொடங்கியது: மார்பில் கட்டை இறங்கிய ஓர் உடல் கிடக்கிறது, காவலர்கள் வருகிறார்கள், காட்டேரியைக் கொன்றவரைக் கொலைக்குற்றத்துக்காகக் கைது செய்கிறார்கள். பிறகு மகள் வந்து உடலை எடுத்துக்கொண்டுபோய்ச் சடங்கோடு எரிக்கிறாள். ஒரு மெழுகு பொம்மையை வைத்துக்கொண்டு ஒரு சாவுக்கு அவ்வளவு மரியாதை செய்தார்கள். எங்கள் செவிலிக்கு ஒரு காலி நாற்காலியையாவது காட்டியிருக்கலாமே. சுவரில் மாட்டிய அவளுடைய சீருடை போதும், நாங்கள் அழுதிருப்போம்.

சத்தத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். முதல் பாகத்தின் ஒலியைச் செய்தவர் இரண்டாம் பாகத்தின் பெயர்ப்பட்டியலில் இல்லை. தள்ளுவண்டிச் சக்கரத்தின் கிறீச்சை அவர் படம் முழுக்க எங்கோ தொலைவில் வைத்திருந்தார். அது நின்றபோதுதான் நமக்கு உடம்பு சிலிர்த்தது. இப்போது ஒவ்வொரு திடுக்கிடலுக்கும் முன்னால் இசை ஏறி, வெடித்து, அடங்குகிறது. மூன்றாவது முறை வெடித்தபோது என் முன்னால் இருந்த தம்பதி இசை ஏறத் தொடங்கியதுமே காதைப் பொத்திக்கொண்டார்கள். அவர்கள் பயப்படவில்லை, சத்தத்துக்குத் தயாரானார்கள். 1931 டிராகுலாவில் தொடக்க எழுத்துகளையும் இசையரங்கக் காட்சியையும் விட்டால் பின்னணி இசை என்று ஏதும் கிடையாது. டிராகுலா பேசி முடித்த பிறகு வரும் மௌனத்தை இன்று கேட்டாலும் முதுகு கூசும். மௌனம் உங்களிடம் ஏற்கெனவே இருந்தது. அதைச் செய்யத் தெரிந்தவரும் உங்களோடு இருந்தார்.

ரத்தத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். கணினி ரத்தம் சட்டையை நனைப்பதில்லை, விரலில் ஒட்டுவதில்லை, அதனால் நடிகர்களின் கைகளுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. சாயம் கலந்த சர்க்கரைப்பாகு அதைவிட நன்றாக இருந்திருக்கும்.

பிடித்ததையும் எழுதினோம். அதைச் சொல்லாமல் விட்டால் நானும் உங்களைப்போலப் பாதியை மட்டும் எடுத்துக்காட்டியவள் ஆவேன். புதிதாக வந்திருக்கும் அந்தப் பெண்ணை வாசலில் பேசிய எல்லோருக்குமே பிடித்திருந்தது. கடிபட்ட பிறகு தனக்கு என்ன நடக்கிறது என்று அவளே தன் ஈறுகளை விரலால் தடவிப் பார்க்கும் இடத்தில் அவள் முகம் போகும் போக்கை நான் மறக்கமாட்டேன். படிக்கட்டுக் காட்சி முதல் பாகத்தின் தரத்தில் இருக்கிறது. மேலே ஒரு விளக்கு, கீழே காலடிச் சத்தம், நடுவில் யாரும் இல்லை. முதல் பாகம் மெதுவாக நகர்ந்தது, இது விறுவிறுப்பாக இருக்கிறது, நண்பர்களோடு சேர்ந்து பார்க்க நன்றாக இருந்தது என்று சொன்னவர்களும் நாலைந்து பேர் இருந்தார்கள். அவர்களோடு எனக்குச் சண்டை இல்லை, அவர்கள் ரசித்தது உண்மை. ஆனால் அவர்களிடமும் கேட்டேன், பயந்தீர்களா என்று. ஒருவர் யோசித்துவிட்டு, "படிக்கட்டுல மட்டும்" என்றார்.

இப்போது பணத்துக்கு வருகிறேன், அதை நீங்கள்தான் எடுத்தீர்கள் என்பதால். 1931இல் வெளியான ஆங்கில டிராகுலாவை யுனிவர்சல் ஸ்டுடியோவில் பகலில் எடுத்தார்கள். இரவில் அதே அரங்குகளில், வேறு நடிகர்கள், வேறு குழு, குறைந்த செலவில் அதே கதையை ஸ்பானிய மொழியில் எடுத்தார்கள். ஒளிப்பதிவிலும் கேமரா நகர்விலும் ஸ்பானியப் படம்தான் மேல் என்று சொல்லும் சினிமா ரசிகர்கள் இன்று ஏராளம். பகலில் வேலை செய்தவர்கள் விட்டுவிட்டுப் போன அறைகளில் இரவில் வந்து வேறு கோணம் தேடியிருக்கிறார்கள். பணம் குறைவு என்பது அவர்களுக்கு மன்னிப்புக் கேட்கும் காரணமாக இருக்கவில்லை.

உங்களுக்கும் முதல் பாகத்தில் அப்படித்தான் இருந்தது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று நம்மவர்கள் சொல்லி வைத்திருக்கிறார்கள். முதலில் எங்களை அரள வைத்தீர்கள், மீதியை இருட்டு பார்த்துக்கொண்டது; அதற்குக் காசு வேண்டியிருக்கவில்லை. இரண்டாம் பாகத்தில் எல்லாவற்றையும் காட்டினீர்கள்: வௌவால் கூட்டம், பறக்கும் சில்லுகள், பச்சைக் கண்கள், நீண்ட பற்கள். லுகோசியின் பல் அந்தப் படம் முழுக்க ஒருமுறைகூட வெளியே தெரியாது. உடைந்த கதவுக்குப் பணம் இருந்திருக்கிறது, கேள்வி கேட்கும் ஒரு குரலுக்கு இடம் இல்லை. இதைச் சொல்கிறவர்களிடம் "எங்களிடம் பணமில்லை" என்று பதில் சொன்னால், அவர்கள் சொன்னது உங்கள் காதிலேயே விழவில்லை என்றுதான் பொருள்.

இன்னொன்று. முன்னோட்டம் நடந்து பத்தே நாளில் படம் வெளியானது. அதற்குள் படத்தொகுப்பு முடிந்து, ஒலிக்கலவை முடிந்து, எல்லாம் பூட்டியாகிவிட்டிருக்கும். அப்படியென்றால் எங்கள் தாள்களால் ஒரு சட்டகம்கூட மாறியிருக்க முடியாது. சுவரொட்டிக்கு வாசகம் பொறுக்கத்தான் எங்களை அழைத்தீர்களோ என்ற எண்ணம் எனக்கு வந்தது. அந்த எண்ணம் தவறென்று நீங்கள் காட்டினால் மிகவும் மகிழ்வேன். வேலை நாளில் இரவுக் காட்சிக்கு வந்து, முடிந்த பிறகும் உட்கார்ந்து, தொடையில் தாளை வைத்து எழுதியவர்கள் நாங்கள். என் பக்கத்தில் இருந்த பெண்மணி பேனா மை தீர்ந்து என்னிடம் வாங்கி எழுதினார்.

ஆகவே நான் கேட்பது இவை.

சுவரொட்டியிலிருந்து என் வரியை எடுத்துவிடுங்கள். எடுக்க மனமில்லை என்றால் இரண்டு வாக்கியங்களையும் முழுதாகப் போடுங்கள். இனி யாருடைய கருத்தையும் அவர் அனுமதி இல்லாமல் வெட்டிப் போடாதீர்கள்.

அறிக்கையில் உள்ள "பெரிய படங்களோடு ஒப்பிடுகிறார்கள்" என்ற குற்றச்சாட்டைத் திரும்பப் பெறுங்கள். நாங்கள் ஒப்பிட்டது உங்கள் முதல் பாகத்தோடு மட்டும்தான்.

மூன்றாம் பாகத்துக்கு முன்னோட்டம் வேண்டும். படத்தொகுப்பு பூட்டப்படுவதற்கு முன், ஒலி சேர்ப்பதற்கு முன், கரடுமுரடாக இருக்கும் நிலையிலேயே காட்டுங்கள். இருபது பேரை அழைத்தால் போதும். முதல் பாகத்தைப் பார்த்தவர்கள் பாதி, பார்க்காதவர்கள் பாதி இருக்கட்டும். முழுமையாகாத படத்தைப் பார்க்க எங்களுக்குத் தெரியும், அதை வெளியே பேசக் கூடாது என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அந்தத் தாள்களை இயக்குநரும் எழுத்தாளரும் தாங்களே படிக்க வேண்டும். விளம்பரப் பிரிவுக்கு அவை போகக் கூடாது.

முதல் பாகத்தின் ஒலியைச் செய்தவரை மறுபடி அழையுங்கள். ஏதோ மனக்கசப்பு இருந்தால் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்.

அந்தச் செவிலிக்கு மூன்றாம் பாகத்தில் ஒரு காட்சி வேண்டும். நடிகை வர முடியாவிட்டால் குரல் மட்டும் போதும், அதுவும் இல்லாவிட்டால் அந்தச் சீருடை.

கடைசியாக, காட்டேரியால் ஏன் கதவை உடைக்க முடிந்தது என்பதற்குக் கதைக்குள் ஒரு பதில் சொல்லுங்கள். யாரோ எப்போதோ அவனை அழைத்துவிட்டார்கள் என்று இருந்தாலும் சரி. யார் அழைத்தார்கள், ஏன் அழைத்தார்கள் என்று தேடிப்போகும் படத்துக்கு நான் முதல் நாளே வருவேன், தம்பியையும் அழைத்துக்கொண்டு. இரண்டாம் பாகம் பார்த்துவிட்டு வந்த இரவும் அவன் கதவைத் தட்டினான். "வாடா" என்று உடனே சொல்லிவிட்டேன்.

இப்படிக்கு,
கருத்துத் தாளில் மூன்று பக்கம் எழுதியவள்